மேசைமேல் ஒரு போர்க்களம்

நுழையும்முன்

போரை ஒரு மேசையின் அளவுக்குச் சுருக்கி, விரலளவு உருவங்களுக்கு வண்ணம் தீட்டி, பகடை உருட்டி ஆடும் கலை ஒன்று மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. வரலாற்றில் ஈடுபாடு கொண்டோர் பேணிவரும் அக்கலை, போரைப் பற்றி மட்டும் பேசவில்லை. உண்மையை மாற்றாமல் ஏற்கும் நேர்மையைப் பற்றியும் பேசுகிறது.

விரலளவு வீரன்

அவ்வீரனின் உயரம் 28 மில்லிமீட்டர். அவனது மேலங்கியின் பொத்தான் கடுகினும் சிறியது. அப்பொத்தானின்மேல் பித்தளை நிறத்தில் ஒரு புள்ளி வைத்தாக வேண்டும். மணிக்கட்டை மேசையில் ஊன்றி, மூச்சைச் சற்றே அடக்கி, ஊசிபோல் முனை கூடிய தூரிகையால் அப்புள்ளியை வைக்கிறார் ஓவியர். ஒருவன் முடிந்ததும் அடுத்தவன் காத்திருக்கிறான். ஒரு படைக்கு நூறு வீரர்கள் வேண்டுமெனில், பல மாதத்து மாலைப்பொழுதுகள் அவர்களுக்கே செலவாகும்.

வார்ப்பில் வந்த உருவத்தின் ஓரங்களில் அச்சின் தடம் மெல்லிய கோடாக நிற்கும். அதனை அரத்தால் தேய்த்து நீக்குவர். சோப்பு நீரில் கழுவி உலர்த்துவர். வண்ணம் நன்கு பற்றிக்கொள்ள முதலில் அடிப்பூச்சு. அதன்மேல் முகம், உடை, வார், படைக்கலம் ஆகியவற்றுக்கு உரிய நிறங்கள். நீர்த்த கருநிறத்தை மேலே படரவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகிறது. ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை மேடுகளில் தடவினால் அது வெயிலாகிறது. இறுதியில் பாதுகாப்புப் பூச்சு. காலடியில் சிறிது மணல், சிறிது செயற்கைப் புல்.

கைத்திறன் இதில் பாதிதான். மறுபாதி தேடல். 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் வாட்டர்லூவில் நின்ற பிரித்தானியக் காலாட்படையினர் சிவப்பு மேலங்கி அணிந்தவர்கள் என்பதைப் பலரும் அறிவர். ஆயின் கழுத்துப்பட்டையின் நிறமும் கைமடிப்பின் நிறமும் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு வேறுபட்டன. ஒன்றுக்கு மஞ்சள், மற்றொன்றுக்குப் பச்சை, வேறொன்றுக்கு நீலம். அரசாணை ஏட்டில் எழுதப்பட்ட சீருடை வேறு. மழையிலும் சேற்றிலும் நாள்கணக்காக நடந்தவனின் உடை வேறு. சாயம் மங்கிய அங்கியையும் ஒட்டுப்போட்ட காற்சட்டையையும் ஏடு சொல்லாது. கடிதங்களும் நாட்குறிப்புகளும் அருங்காட்சியகத் துணிகளுமே சொல்லும். எவரும் கூர்ந்து நோக்காத ஒரு கைமடிப்புக்காக நூல்களைப் புரட்டும் ஓவியர், இறந்துபோன மனிதன் ஒருவனுக்குச் சிறு நீதியைச் செய்கிறார்.

ஆட்டம் வளர்ந்த வரலாறு

போரை மேசைமேல் பயிலும் முயற்சி, பிரஷ்ய நாட்டில் முறையான வடிவம் பெற்றது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் தாம் உருவாக்கிய ஆட்டத்தை அந்நாட்டு மன்னருக்குக் காட்டினார். படை அதிகாரியாக இருந்த அவர் மகன், அதனைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். நிலப்படத்தின்மேல் வைத்த வண்ணக் கட்டைகள் படைகளாயின. இரு தரப்புக்கும் பொதுவாக நடுவர் ஒருவர் இருந்தார். எதிரியின் நிலையை முழுதும் அறியாமலே முடிவெடுக்கும் பயிற்சியை அவ்வாட்டம் அதிகாரிகளுக்குத் தந்தது.

படைத்துறையில் பிறந்த ஆட்டத்தைப் பொழுதுபோக்காக மாற்றியோருள் முதன்மையானவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். அறிவியல் புனைகதைகளால் புகழ்பெற்ற அவர், 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் சிறுநூலை எழுதினார். ஈயப் பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி, சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியை எய்து வீழ்த்தும் ஆட்டம் அது. ஆயினும் அவர் போரைப் போற்றியவர் அல்லர். உண்மையான போர் எத்துணை மடமையானது என்பதை இச்சிறு போர்களே உணர்த்திவிடும் என்பது அவர் கருத்து. நூல் வெளிவந்த மறு ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கவசப்படையில் பணியாற்றிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், பின்னாளில் இயன்முறை மருத்துவரானார். 1962இல் அவர் வெளியிட்ட ‘வார் கேம்ஸ்’ என்னும் நூல் இக்கலையைப் பலருடைய இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தது. மெய்யான போரைக் கண்ட ஒருவரே பொம்மைப் போருக்கு வழிகாட்டி ஆனார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பகடையும் படைத்தலைவரும்

பழங்காலப் போர்களை ஆடுவதற்கென 1990இல் வெளிவந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்’ என்னும் விதிநூல், ஆட்டம் இயங்கும் முறைக்குத் தக்க சான்று. ஒவ்வொரு படையிலும் பன்னிரண்டு பிரிவுகள். தமது முறை வரும்போது ஆடுபவர் முதலில் ஒரு பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண் எத்தனையோ அத்தனை ஆணைகளையே அவர் பிறப்பிக்கலாம். வரிசை கலையாமல் நிற்கும் பிரிவுகள் ஓர் ஆணையிலேயே ஒன்றாக நகரும். சிதறிய பிரிவுகளுக்குத் தனித்தனி ஆணை வேண்டும். ஆறு ஆணைகளை எதிர்பார்த்துத் திட்டமிட்டவருக்கு ஒன்று விழும் வேளையில், எந்தப் பிரிவைக் காப்பது, எதனைக் கைவிடுவது என்னும் வினா எழுகிறது. தலைவரின் எண்ணம் எல்லா வேளையிலும் படையின் கடைசி வரிசைக்குச் சென்று சேர்வதில்லை என்னும் உண்மையை அந்த ஒற்றைப் பகடை கற்பிக்கிறது.

இரு பிரிவுகள் மோதும்போது இருவரும் பகடை உருட்டித் தத்தம் பிரிவின் வலிமை எண்ணைக் கூட்டுவர். குறைந்தவர் பெரும்பாலும் பின்வாங்குவார்; பாதியளவோ அதனினும் குறைவாகவோ பெற்றவரின் பிரிவு பொதுவாக அழியும். பன்னிரண்டில் நான்கு பிரிவுகளை எதிரிக்கு முன் இழந்தவர் தோற்றவராவார். எஞ்சிய எட்டும் களத்திலேயே நின்றுகொண்டிருக்கும். மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்த நிலையில் மற்றவரின் மனம் உடைந்துவிடும் என்பதே அவ்விதியின் பொருள். பழங்காலப் படைகளுள் பல, முற்றும் அழிவதற்கு முன்பே கலைந்து ஓடின.

போட்டிக் கூடங்களில் மேசைகள் வரிசையாக இருக்கும். மலையும் ஆறும் காடும் சிற்றுருவில் அமைந்திருக்கும். காலவரையறை உண்டு, ஐயம் எழுந்தால் தீர்க்க நடுவரும் உண்டு. ஆயினும் எல்லா மேசைகளையும் நடுவரால் காண இயலாது. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு பிரிவை நகர்த்துமுன், “என் குதிரைப்படை உங்கள் வில்லாளரின் எல்லைக்கு வெளியே நிற்கிறது, ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று எதிராளியிடமே கேட்டுக்கொள்வார். அளவுகோல் ஒரு நூலிழை பிசகினாலும் முடிவு மாறும். அந்நூலிழையைத் தமக்குச் சாதகமாக வளைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நகர்விலும் இருக்கிறது. வளைக்காமல் இருப்பதே ஆட்டத்தின் அறம். சிறப்பாகத் தீட்டப்பட்ட படைக்குப் பரிசு வழங்கும் போட்டிகள் உள்ளன. பண்பான எதிராளிக்கெனத் தனிப்பரிசு வழங்குவனவும் உள்ளன.

உண்மைக்கு நேர்ந்த சோதனை

சிற்றுருவப் படையும் பகடையும் விளையாட்டுத்தானே, அவற்றில் பொய் கலந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். இரண்டு வரலாற்று நிகழ்ச்சிகள் அவ்வினாவுக்கு விடை கூறுகின்றன.

வில்லியம் சிபோர்ன் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி வாட்டர்லூ களத்தின் பெரும் மாதிரி ஒன்றை உருவாக்கினார். களத்தில் இருந்த ஒரு பண்ணைவீட்டில் எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பங்கேற்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அன்று மாலை ஏழு மணியளவில் அவர்கள் எங்கே நின்றனர் என்று வினவினார். அரசின் நிதியுதவி நின்றபின் கடன்பட்டும் பணியைத் தொடர்ந்தார். 1838இல் இலண்டனில் காட்சிக்கு வந்த அம்மாதிரியில் ஏறத்தாழ 75,000 சிற்றுருவங்கள் இருந்தன. போரின் முடிவில் பிரஷ்யப் படையின் பங்கு பெரிது என்று அது காட்டியது. வெற்றிக்கு உரியவராகப் போற்றப்பட்ட வெல்லிங்டன் தரப்பினருக்கு அது உவப்பாக இல்லை. எதிர்ப்பு வலுத்தது; பிரஷ்ய உருவங்களுள் பலவற்றைச் சிபோர்ன் பின்னர் அகற்றினார். அம்மாதிரி இன்றும் இலண்டனிலுள்ள தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேசையிலிருந்து விரலளவு உருவங்கள் நீங்கியபோது, களத்தில் போரிட்டு மாய்ந்தோரின் பங்கும் அவற்றோடு மறைக்கப்பட்டது.

மற்றொன்று 1942இல் நிகழ்ந்தது. மிட்வே தீவைத் தாக்கத் திட்டமிட்ட ஜப்பானியக் கடற்படையினர், மே மாதத்தில் அத்திட்டத்தை மேசை ஆட்டமாக ஆடிப் பார்த்தனர். அமெரிக்க வானூர்திகள் ஒன்பது குண்டுகளைக் குறிதவறாமல் வீசியதாகப் பகடை காட்டியது. நடுவராக இருந்த உயர் அதிகாரி அதனை மூன்றாகக் குறைத்தார். மூழ்கியதாகக் கணக்கிட்ட வானூர்தி தாங்கிக் கப்பல்கள் இரண்டு, ஒன்றாயின. ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் அந்த ஒன்றும் மீண்டும் மிதந்தது. போருக்குப்பின் ஜப்பானிய அதிகாரிகள் இருவர் எழுதிய நூல் இதனைப் பதிவு செய்துள்ளது. ஜூன் மாதத் தொடக்கத்தில் நடந்த உண்மைப் போரில் ஜப்பான் நான்கு வானூர்தி தாங்கிக் கப்பல்களை இழந்தது. கடலில் மூழ்கிய கப்பல்களை எந்த நடுவராலும் மிதக்கவைக்க இயலவில்லை.

பகடை கூறும் கசப்பான செய்தியை ஏற்க மறுப்பவர், ஆட்டத்தை வெல்வதாக எண்ணிக்கொண்டு, ஆட்டம் கற்பிக்கவந்த பாடத்தை இழக்கிறார்.

பெட்டிக்குத் திரும்பாதவர்கள்

இக்கலையின்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு: மனிதர் மாண்ட களத்தை மனமகிழ்ச்சிக்கு உரியதாக்குவது முறையா? எளிதில் தள்ளத்தக்க வினா அன்று இது. மேசைமேல் குருதி இல்லை, பசி இல்லை, எரியும் ஊர்கள் இல்லை. வெற்றிக் களிப்பை மட்டும் நாடுபவருக்கு இவ்வாட்டம் போரை அழகாகக் காட்டிவிடக்கூடும். எனினும் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே தீட்டியவருக்குப் படை என்பது வெறும் எண்ணாகத் தோன்றாது. நூறு முகங்களைத் தீட்டப் பல மாதங்கள் ஆயின எனில், வாட்டர்லூவில் ஒரே நாளில் வீழ்ந்த பல்லாயிரவரை எண்ணுகையில் அவர் கை தயங்கத்தான் செய்யும்.

மேற்கூறிய விதிநூலுக்கு உரிய படைப்பட்டியலில் உரோமானியர், பாரசீகர் ஆகியோருடன் தமிழர் படையும் இடம்பெற்றுள்ளது. அப்படையைத் தீட்ட முனையும் ஓவியர் எவராயினும் சிற்பங்களையும் நடுகற்களையும் நாட வேண்டியிருக்கும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள், அரசனின் ஆட்சியாண்டோடு வீழ்ந்த வீரனின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. உடையின் அமைப்பையும் வாளின் வடிவையும் தேடிச் செல்பவர், அக்கல்லில் ஒரு மனிதனின் பெயரையும் படித்துவிட்டே திரும்புகிறார்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் கைகுலுக்குகின்றனர். எங்கே பிழைத்தது, எங்கே பகடை கைவிட்டது என்று பேசிக்கொள்கின்றனர். வீழ்ந்த உருவங்களும் நின்ற உருவங்களும் ஒரே பெட்டிக்குள் செல்கின்றன. முறிந்த வேல் பசையால் ஒட்டப்படுகிறது; அடுத்த வாரம் அவ்வீரன் மீண்டும் களத்தில் நிற்பான். அவன் யாரைக் குறித்து நிற்கிறானோ, அம்மனிதன் மட்டும் ஒருமுறைதான் வீழ்ந்தான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள நடுகல் அல்லது போர்வீரர் சிற்பம் ஒன்றைக் கண்டு, அதிலுள்ள உடை, படைக்கலம், எழுத்து ஆகியவற்றைக் குறிப்பெடுத்து வகுப்பறையில் பகிர்க.

2. “தோல்வியை நேர்மையுடன் ஏற்பதும் ஒரு வெற்றியே” – இக்கருத்தைச் சிபோர்ன், மிட்வே நிகழ்ச்சிகளோடு பொருத்திக் கலந்துரையாடுக.