ரோட்ஸ் தீவில் ஒரு பகல்

கப்பல் காலை ஏழு மணிக்கே ரோட்ஸ் துறைமுகத்தில் வந்து நின்றது. மாலை ஐந்து மணிக்குள் அனைவரும் திரும்பிவிட வேண்டும் என்பது கட்டளை. கிரேக்க நாட்டைச் சேர்ந்ததாயினும் துருக்கிக் கரைக்கு மிக அருகில் உள்ள தீவு இது. மேல்தளத்தில் நின்றபோதே பழைய நகரின் மதில் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டி எதுவும் வேண்டியதில்லை. சிறிது தூரம் நடந்தால் கோட்டை வாயில். நாங்கள் இருவரும், தில்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பத்து வயதுப் பேத்தியும் இறங்கினோம்.

பண்டை உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாகிய கதிரவன் சிலை இவ்வூரில்தான் நின்றது. ஏறத்தாழ 33 மீட்டர் உயரமான அவ்வெண்கலச் சிலை, கி.மு. 226-இல் நிலநடுக்கத்தால் வீழ்ந்தது. கால்களை அகற்றி நின்று கப்பல்களை இடையே செல்லவிட்டது என்பது பிற்காலக் கற்பனை என்பர் அறிஞர். கடைகளில் விற்கும் பொம்மைகளோ எல்லாம் கால் அகற்றியே நிற்கின்றன! மண்ட்ராக்கித் துறையின் வாயிலில் இன்று தூண்களின்மேல் இரண்டு மான்கள் நிற்கின்றன. பேத்திக்கு அவையே போதுமானவையாக இருந்தன.

கோட்டைக்குள் வீரத்துறவிகளின் வீதியைக் கண்டோம். புனித யோவான் சபையினராகிய இவர்கள், 1522-இல் சுல்தான் சுலைமான் முற்றுகையிடும் வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தீவை ஆண்டவர்கள். பிரெஞ்சுக்காரருக்கு ஒரு விடுதி, இத்தாலியருக்கு ஒன்று, ஸ்பானியருக்கு ஒன்று என மொழிவாரியாகப் பிரிந்து வாழ்ந்தனராம். மொழிவாரி மாநிலங்களைக் கண்ட நமக்கு இதில் வியப்பில்லை.

நண்பகலில் கூட்டம் உணவுக் கடைகளை நாடியது. நாங்கள் கிழக்கே இருந்த யூதர் பகுதிக்குச் சென்றோம். 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர் பலர் துருக்கியப் பேரரசின் ஊர்களில் அடைக்கலம் புகுந்தனர். பேரரசின் கைக்கு வந்தபின் ரோட்ஸுக்கும் வந்து குடியேறினர். நாட்டை இழந்தவர்கள் நாவை இழக்கவில்லை. லடீனோ எனப்படும் அப்பழைய ஸ்பானிய மொழியை வீட்டிலும் தெருவிலும் நானூறு ஆண்டுகள் பேசினர். நம் வீட்டுத் தமிழில் ‘சப்ஜி’ நுழைந்ததுபோல் அதில் துருக்கியச் சொற்களும் கிரேக்கச் சொற்களும் நுழைந்தன. அதனால் அம்மொழி கெட்டுவிடவில்லை, வாழ்ந்தது.

1577-இல் எழுந்த கஹால் ஷாலோம் என்னும் தொழுகைக்கூடம் இன்றும் அங்கே இருக்கிறது. தரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களால் கோலமிட்டாற்போல் அமைந்திருந்தது. மிதிக்கவே மனம் கூசிற்று. சுவரில், மாண்டவர்களின் குடும்பப் பெயர்களைப் பொறித்த பலகைகள்.

ஜெர்மானியர் பிடியில் தீவு இருந்த 1944-ஆம் ஆண்டு ஜூலை 23-இல், ஏறத்தாழ 1,700 யூதர்கள் படகுகளில் ஏற்றப்பட்டு, ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பிழைத்தவர் ஏறத்தாழ 150 பேரே. துருக்கித் தூதர் செலாஹத்தின் உல்குமென் வாதாடிக் காத்தவர்கள் ஏறக்குறைய 50 பேர். நான்கு நூற்றாண்டுகள் வழங்கிய மொழி, தெருக்களிலிருந்து ஒரே வாரத்தில் மறைந்தது.

“அந்த மொழியை இப்போது யார் பேசுகிறார்கள்?” என்று பேத்தி ஹிந்தியில் கேட்டாள். அதற்குமுன்பே ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் முன்னோர் வீட்டைத் தேடி இங்கே வருவதுண்டு என்றும், அவர்களுள் இளையோர் பேசுவது பெரும்பாலும் வேறு மொழிகளே என்றும் தமிழில் விளக்கினோம்.

சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

“அவங்க பாட்டிக்காவது தெரியுமா?” இம்முறை தமிழில் கேட்டாள்.

“சிலருக்குத் தெரிந்திருக்கும், அம்மா” என்றோம்.

அவள் பலகையின் அருகே சென்று, ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிக்கலானாள். கடைவீதி இன்னும் பார்க்கவில்லை. கப்பலுக்கு நேரம் இருந்தது. நாங்கள் அவளை அழைக்காமல், வாயிற்படியருகே நின்று கொண்டிருந்தோம்.