முள்ளும் பந்தும்

ஃப்ளூயிட் பவர் லேப் வைவாவில் சார் கேட்டது ஒரே கேள்வி. "பிரஷர் ரெகுலேட்டருக்கும் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வுக்கும் என்ன வித்தியாசம்?"

"ரெண்டையும் திருகினா குறையும் சார்."

மார்க்கும் குறைஞ்சது. சரியான பதில் அந்த லீவில் வீட்டில்தான் கிடைத்தது.

தாத்தாவுக்கு நுரையீரல் கோளாறு. நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சிலிண்டர் தலையில் ஒரு பிரஷர் கேஜ். பக்கத்தில் நிற்கும் குழாய்க்குள் குட்டிப் பந்து. அதன் கீழே தண்ணீர் பாட்டில்.

ஒரு ராத்திரி தாத்தாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது. ஓடிப்போய் கேஜைப் பார்த்தேன். முள் 100 பாரில் நின்றது. "ஆக்சிஜன் நிறைய இருக்கு, பயப்படாத பாட்டி" என்றேன், இன்ஜினியர் தோரணையில்.

பாட்டி கேஜைப் பார்க்கவே இல்லை. "பாட்டில்ல குமிழி வரலையேடா!"

அப்போதுதான் பார்த்தேன். பந்து அடியில் கிடந்தது. டியூப் கட்டில் காலுக்கு அடியில் நசுங்கியிருந்தது. ஃபேன் காத்து படட்டும்னு கொஞ்ச நேரம் முன்னாடி கட்டிலை நகர்த்தியது நான்தான். டியூபை எடுத்து விட்டதும் பந்து 2-க்கு ஏறியது. தாத்தா முகம் தெளிய வெகுநேரம் ஆச்சு. எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

பிரஷர் இருந்தால் ஃப்ளோ இருக்கும் என்று நினைத்தேன். அதுதான் தப்பு. நிரம்பிய சிலிண்டரில் சுமார் 150 பார். அதைச் சுமார் 4 பாருக்கு இறக்கி, அங்கேயே பிடித்து வைப்பது பிரஷர் ரெகுலேட்டர். உள்ளே ஸ்பிரிங்கும் டயஃப்ரமும். வெளிப்பக்க அழுத்தம் குறைந்தால் திறக்கும், கூடினால் மூடும். வழி அடைபட்டால் அது பாட்டுக்கு மூடிக்கொண்டு நிற்கும். எவ்வளவு போகுது என்பது அதற்குத் தெரியாது. அதை முடிவு செய்வது அடுத்து இருக்கும் நீடில் வால்வு. பந்து காட்டுவதும் அதைத்தான்.

ஆனால் நீடில் வால்வும் தனியாக நிற்காது. முன்னால் அந்த 4 பார் நிலையாக இல்லாவிட்டால், சிலிண்டர் காலியாக ஆக, திருகைத் தொடாமலே 2 லிட்டர் குறைந்துகொண்டே போகும்.

அப்போ முள் எதற்கு? இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட. எங்களுடையது 10 லிட்டர் கொள்ளளவு சிலிண்டர். 100 பார் என்றால் சுமார் 1000 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 500 நிமிடம், எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

லேபிலும் இதே கதைதான். சிலிண்டர் ராட் எவ்வளவு பலமாகத் தள்ளணும் என்பதை ரெகுலேட்டரில் வை. எவ்வளவு வேகமாக நகரணும் என்பதை ஃப்ளோ கன்ட்ரோலில் வை. வேகத்தைக் குறைக்க ரெகுலேட்டரைத் திருகினால், பிடிக்கிற பலமும் சேர்ந்து போயிடும்.

இப்போ ஊருக்குப் போனால் முதலில் பந்தைப் பார்ப்பேன், அப்புறம்தான் முள். பாட்டி இன்னமும் குமிழியைத்தான் பார்க்கிறாள்.