கிளச்சிலை கால் வைக்காதை

செமஸ்டர் சோதினை முடிந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலமை, தேத்தண்ணிக் கோப்பையைக்கூட வைக்க விடாமல் அம்மப்பா கேட்டார். "பிள்ளை, காருக்குக் கீழை ஒருக்காப் பூந்து பாக்கிறியோ?"

நான் கலைப்பீடம், மூன்றாம் வருசம். காருக்குக் கீழே பூருவதற்கும் நான் படிக்கிற சமூகவியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மாமாவின் பெடியங்கள் கனடாவில். அண்ணாவுக்கு மோட்டார்சைக்கிளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் தெரியாது. ஆக, சின்ன வயதிலிருந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, அந்தக் காரைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளாக நான்தான் மிச்சம். (இஞ்சி ஸ்பானர். மில்லிமீற்றர் ஸ்பானரைக் கொண்டுபோனால் நட்டின் மூலை உருண்டுவிடும், பிறகு பேச்சு விழும்.)

கார் ஒரு மொரிஸ் மைனர் 1000. பழைய வண்டி. இலக்கத் தகட்டில் ஸ்ரீ வருவதற்கு முந்தின ஆங்கில எழுத்துகள். அந்தச் சிங்கள ஸ்ரீக்கு எதிராக 1958இல் நடந்த போராட்டத்தைப் பற்றி நான் விரிவுரையில் குறிப்பெடுத்தபோது, எங்கள் கொட்டிலுக்குள் நிற்கிற காரின் தகடு ஏன் அப்படி இருக்கிறது என்பது முதல் தடவையாக விளங்கியது. அம்மப்பா அதை எழுபதுகளின் கடைசியில் இரண்டாம் கையாக வாங்கி, அளவெட்டியில் ஹயர் ஓடினார். கலியாண வீடு, செத்த வீடு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அதுதான். இப்போது ஓடுவது மாதம் ஒரு தரம், அம்மம்மாவைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக மட்டும்.

முறைப்பாடு இரண்டு. பிரேக் அடிமட்டும் போகிறது. கிளச் "இறுகிப் போச்சு".

பிரேக் உண்மையிலேயே பிழைதான். ஒரு மிதிக்குப் பெடல் தரையைத் தொட்டது, இரண்டாம் தரம் மிதித்தால்தான் பிடித்தது. மல்லாகம் சந்தியில் ஒரு சைக்கிள்காரருக்கு அரை முழத்தில் நின்றதாக அம்மம்மா எனக்கு மட்டும் இரகசியமாகச் சொன்னா. அம்மப்பா அதைச் சொல்லவே இல்லை.

பெடல் ஆழமாகப் போனால் பெடலில்தான் ஏதோ செய்யவேண்டும் என்று நானும் முந்தி நினைத்திருந்தேன். அது சக்கரத்தில் செய்கிற வேலை. இந்தக் காரில் நாலு சில்லுக்கும் ட்றம் பிரேக். உள்ளே இருக்கிற பிரேக் சூ தேயத் தேய, ட்றம்முக்கும் அதுக்கும் இடையில் இடைவெளி கூடும். அந்த இடைவெளியைத்தான் உங்கள் கால் மிதித்து நிரப்பிக்கொண்டிருக்கும். ஜக் அடித்துச் சில்லைத் தூக்கி, வீல் கப்பைக் கழற்றி, சில்லை மெல்லச் சுற்றினால் ஓட்டைக்குள்ளால் ஒரு வெட்டு விழுந்த திருகாணித் தலை தெரியும். முன் சில்லில் இரண்டு, பின் சில்லில் ஒன்று. ஸ்குறூட்றைவரை விட்டு வலப்பக்கம் திருப்பிக்கொண்டே போனால் சில்லு சுற்றாமல் இறுகி நிற்கும். பிறகு ஒரு 'டிக்' மட்டும் பின்னுக்கு. சில்லு சுயமாய்ச் சுற்றவேண்டும். நாலு சில்லுக்கும் ஆறு திருகாணி. இதில் ஒன்று துருப்பிடித்து அசையாமல் நின்று என் மத்தியானச் சாப்பாட்டைத் தின்றது. கடைசியில் தரைவிரிப்பைத் தூக்கி, சாரதியின் காலடியில் இருக்கிற மூடியைத் திறந்து பிரேக் ஒயிலையும் பார்த்தேன். போதிய அளவு இருந்தது. ஒயில் டாங்கியைக் காலுக்குக் கீழே வைத்த மனிசனை ஒருநாள் சந்திக்கவேண்டும்.

மிதித்துப் பார்த்தேன். அரைவாசித் தூரத்தில் கல்லு மாதிரி நின்றது.

"இப்ப கிளச்சைப் பார்," என்றார் அம்மப்பா. கதிரையைக் கொண்டுவந்து மாமர நிழலில் போட்டு, இடது காலை நீட்டி இருந்தார்.

கிளச்சைப் பற்றி எனக்கு அவர் சொல்லித்தந்த முதல் பாடம், பெடலின் மேல்பகுதியில் ஒரு இஞ்சிக்குக் கொஞ்சம் கூடவாகச் 'சும்மா போற தூரம்' இருக்கவேண்டும் என்பது. கையால் அமத்தினால் ஒரு பாரமும் இல்லாமல் போகும், அதற்குப் பிறகுதான் உண்மையான பாரம் தொடங்கும். ஏன் அந்தச் சும்மா தூரம்? பெடலை மிதிக்கும்போது, ஒரு தண்டு போய் ஒரு கவரைத் தள்ளும், கவரின் நுனியில் இருக்கிற வளையம் சுற்றிக்கொண்டிருக்கிற கிளச்சில் போய் அழுத்தும். இப்போதைய கார்களில் அந்த இடத்தில் உருளுகிற பேரிங் இருக்கும். மைனரில் இருப்பது ஒரு கரி வளையம், பென்சில் கூர் மாதிரிச் சாமான். உராய்ந்தால் தேயும். சும்மா தூரம் இருந்தால் காலை எடுத்ததும் வளையம் விலகி நிற்கும். இல்லாவிட்டால் கார் ஓடுகிற நேரமெல்லாம் அது உரசிக்கொண்டே இருக்கும், கிளச்சும் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கும். ஓட்டும்போது கிளச்சின் மேல் காலை ஆறப்போடுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

எங்கள் வீட்டில் இது கிட்டத்தட்ட வேதம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு கரி வளையம் தேய்ந்தால் வேறு எங்கே எடுப்பது? மண்ணெண்ணெயில் ஓடின கார் அது. ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய். வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வு இரவில், சனத்துக்கு நடுவில் அடி அடியாக நகர்ந்தபோது, அம்மப்பா கிளச்சை மிதித்து மிதித்து விடவில்லையாம். எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, அம்மாவையும் மாமாவையும் இறக்கித் தள்ளச் சொன்னாராம். உள்ளே அவருடைய தாயும், ஆரென்று தெரியாத ஒரு கர்ப்பிணிப் பெண்ணும். "உயிர் போற நேரத்திலையும் இந்த மனிசனுக்குக் கிளச்சு," என்று அம்மம்மா இன்றைக்கும் சொல்லுவா. லேர்ணர்ஸ் எடுத்த புதிதில், ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்த என்னிடமும் அவர் சொன்னது ஒரே வசனம்தான்: "கிளச்சிலை கால் வைக்காதை."

அந்த மனிசன் இப்போது சொன்னார்: "உந்தச் சும்மா போறதைக் குறைச்சு விடு. மேலையே பிடிக்கிற மாதிரி."

நான் பெடலைக் கையால் அமத்திப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. மிதித்தும் பார்த்தேன். இறுக்கமும் இல்லை.

"எவ்வளவு குறைக்க?"

"முழுசா எடு."

நான் திரும்பிப் பார்க்க, அவர் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காரில் பெடல்கள் மேலேயிருந்து தொங்குவதில்லை, தரையைத் துளைத்துக்கொண்டு முளைத்து நிற்கும். மிதிப்பதற்கு முழங்காலை மடக்கிப் பாதம் முழுவதையும் தூக்கவேண்டும். இடது முழங்காலில் அவருக்கு இரண்டு வருசமாக வீக்கம். இறுகிப் போனது எது என்று எனக்கு விளங்கியது, அவருக்கு எனக்கு முதலே விளங்கியிருந்தது.

சொல்லியிருக்கலாம். "அம்மப்பா, கிளச்சிலை பிழை இல்லை" என்று நாலு சொல்லு. பிரேக்கையும் சேர்த்து நினைத்தால் சொல்லியே இருக்கவேண்டும், ஏனென்றால் அந்தச் சைக்கிள்காரர் தப்பியது திருகாணியால் இல்லை. ஆனால் நான் காருக்குக் கீழே பூந்தேன். லொக் நட்டை இளக்கி, தண்டின் நட்டைச் சுற்றிச் சும்மா தூரத்தைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்தேன். முகத்தில் மண் கொட்டியது. செய்கிற நேரம் முழுக்க, செய்யக்கூடாததைச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். மேலே கதிரையில் இருந்தவருக்கும் தெரியும்.

"காணுமோ?" என்றேன்.

ஏறி இருந்து மிதித்துப் பார்த்தார். இரண்டு தரம். "காணும்."

மூன்று நாள் கழித்துக் கிளினிக். போய் வந்து காரைக் கொட்டிலுக்குள் விட்டவர் இறங்காமல் கனநேரம் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ரொப்பிலை இழுக்கேக்கை வழுக்குது. எஞ்சின் சத்தம் போடுது, கார் போகேல்லை."

"ம்."

"பழையபடி விடு பிள்ளை. கரி வளையம் வீணாப் போகும்."

கால் நோவதைப் பற்றி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னேரம் திரும்பப் பூந்து நட்டைச் சுற்றி ஒரு இஞ்சிச் சொச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அவர் குனிந்து தன் கையாலேயே பெடலை அமத்திப் பார்த்துத் தலையாட்டினார். போகும்போது திறப்பை வழமையான ஆணியில் கொழுவாமல் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த கிளினிக்குக்கு நான்தான் ஓட்டினேன். லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருசம் ஆகியும் அந்தக் காரோடு பெரிய றோட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான். அம்மம்மா பின்னால். அம்மப்பா இடப்பக்கம், கையை யன்னலில் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல். மல்லாகம் சந்தியில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. பிரேக் முதல் மிதியிலேயே பிடித்தது. முதலாம் கியரில் கிளச்சை மிதித்தபடி, பஸ் எடுக்கும்வரை காத்துக்கொண்டு நின்றேன்.

"கால்," என்றார் அம்மப்பா.

நியூற்றலுக்கு மாற்றிவிட்டுக் காலை எடுத்தேன்.