ஊசி அசையும் பெட்டி

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வீட்டு ஸ்டுடியோ எப்போது ஓடும் என்பதை அப்பாவின் ஷிஃப்ட்தான் முடிவு செய்கிறது. சுரங்கத்தில் நைட் முடித்து வந்து அவர் பகலில் படுத்தால், பையனுக்கு ஹெட்போனில் மிக்சிங் மட்டும். அவர் பகல் ஷிஃப்ட் போனால் ரெக்கார்டிங். நான் போனது ரெக்கார்டிங் நாளில். என்.எல்.சி. சுரங்க நிறுவனக் குவார்ட்டர்ஸின் பின்னறை. ஜன்னலுக்குக் கனத்த போர்வை, சுவரோரம் துணி அடைத்த பீரோ திறந்தபடி, மைக்குக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தை. ஃபேன் ஓடக்கூடாது. ஊர் முழுக்க மரம் என்பதால் குயிலுக்குப் பஞ்சமில்லை. அது கூவினால் அந்த டேக் போச்சு.

நெய்வேலி என்றதும் கச்சேரி கேட்பவர்களுக்குப் பாடகர் சந்தானகோபாலன் நினைவுக்கு வருவார். ஸ்டுடியோ வைத்திருக்கும் இந்தத் தம்பியிடம் வருகிறவர்கள் வேறு. வில்லுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரத்தில் காவடி எடுப்பவர்கள், ஆட்டோவில் கட்டிப்போக விளம்பரக் குரல் கேட்கும் கடைக்காரர்கள், குறும்படக்காரர்கள். எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும், பாதி விலைக்கு வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் கம்ப்யூட்டரும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் போதுமே. ரேக்கில் இரண்டு பெட்டிகளை ஏன் சூடாக்கி வைத்திருக்கிறார் என்பதைப் பார்க்கத்தான் போனேன்.

ஒரு பெட்டி கம்ப்ரசர். இன்னொன்று எக்கோ கொடுக்கும் யமஹாவின் எஸ்பிஎக்ஸ் 90. இது மந்தாரக்குப்பத்தில் மைக்செட் வைத்திருந்த பெரியவர் தொழிலை விட்டபோது தம்பியிடம் கொடுத்தது. அவரும் அன்று வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கம்ப்ரசர் செய்கிற வேலை எளிமையானது. பாடுபவர் பல்லவியை மெல்ல எடுத்து சரணத்தில் உச்சிக்குப் போனால், உச்சியை அமுக்கி இரண்டையும் ஒரே கைப்பிடிக்குள் கொண்டுவருவது. மைக்செட்காரர்கள் இதைக் கையாலேயே செய்தார்கள். "அரசியல்வாதி கையைத் தூக்கறப்பவே வால்யூமைக் கொறைச்சிடணும் தம்பி, சத்தம் வந்தப்புறம் கொறைச்சா குழாய் கிழிஞ்சிரும்," என்றார் பெரியவர். அமெரிக்காவில் ஜிம் லாரன்ஸ் என்ற பொறியாளர், ரேடியோ நிலையத்தில் இதே திருகலில் அலுத்துப்போனவர், 1960களில் எல்ஏ-2ஏ என்ற கருவியைச் செய்தார். குரல் ஏறினால் உள்ளே ஒரு சின்ன ஒளித்தகடு எரியும். எதிரே இருக்கும் ஒளி உணரும் மின்தடை அதைப் பார்த்து சத்தத்தைக் குறைக்கும். விளக்கு அணைந்தாலும் மின்தடை உடனே பழைய நிலைக்கு வராது. பாதி தூரம் மில்லிசெகண்ட்களில் வரும், மீதிக்குச் சில விநாடிகள்கூட ஆகும். குரலுக்கு அது இதமாக அமைந்ததற்கு இந்த மந்தம்தான் காரணம். தம்பியின் பெட்டி அதே ஒளி வழியில், மலிவாகச் செய்தது.

இந்த மந்தத்தைக் கணக்குப் போட்டு மென்பொருளில் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல், இப்படிக் கருவிகளை மென்பொருளாகச் சேர்க்கும் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்த பிறகு, ஸ்டுடியோ சுவர் முழுக்க இருந்தவை ஒவ்வொன்றாகத் திரைக்குள் போயின. நிஜ எல்ஏ-2ஏ வாங்கச் சில லட்சம் வேண்டும். அதன் பிளகின், அதாவது மென்பொருள் நகல், தள்ளுபடிக் காலத்தில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. ஒரே பாட்டில் இருபது டிராக்கில் போடலாம். ஆறு மாதம் கழித்துக் காவடிக் குழு வந்து "அண்ணே, உடுக்கை சத்தம் மட்டும் கொஞ்சம் தூக்கு" என்றால் ஃபைலைத் திறந்த மாத்திரத்தில் எல்லாத் திருகும் வைத்த இடத்தில் இருக்கும். பெட்டிக்கு அந்த ஞாபகம் கிடையாது. தம்பி ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் பெட்டியின் முகப்பைப் போனில் படம் எடுத்து வைக்கிறார்.

வன்பொருள் என்றாலே அனலாக், வால்வு, வெதுவெதுப்பு என்று பேசுவதை நான் நம்புவதில்லை. எஸ்பிஎக்ஸ் 90ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் வந்த அது முழு டிஜிட்டல், தகரப் பெட்டிக்குள் அடைத்த ஒரு கம்ப்யூட்டர். அதன் எக்கோ ஏன் மென்மையாக இருக்கிறது? 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி அதில் ஏறாது, அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சில்லால் அதற்கு மேல் முடியவில்லை. எந்த ரிவெர்ப் பிளகினிலும் மேல் ஒலியை வெட்டிவிட்டால் பாதி தூரம் வந்துவிடும். தம்பியும் அதைத்தான் செய்கிறார்; பெரியவர் மனம் கோணக் கூடாதென்று பெட்டி ரேக்கில் இருக்கிறது.

அன்று பாட வந்தவர் டவுன்ஷிப்பில் ஒப்பந்த வேலை பார்க்கும் அக்கா. முருகன் பாட்டு. மைக்கிலிருந்து ப்ரீஆம்ப், அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று கம்ப்ரசருக்குள் போய் கம்ப்யூட்டருக்கு, மற்றொன்று நேராகக் கம்ப்யூட்டருக்கு. பெட்டியில் அமுக்கிப் பதிந்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது, அதனால் வெறும் குரலும் காப்பாக ஒரு டிராக்கில் இருக்க வேண்டும். அக்கா சரணத்தில் ஏறியபோது மீட்டரில் ஊசி இரண்டு மூன்று டெசிபெல் இறங்கி, மூச்சு எடுக்கும் இடத்தில் மெதுவாக எழுந்தது. அதற்கு மேல் இறங்கவிடவில்லை தம்பி. விரல் திருகிலேயே இருந்தது.

பிறகு சோதனை. பெட்டி வழியாக வந்த குரல் ஒன்று, வெறும் குரலில் பிளகின் போட்டது ஒன்று. இரண்டின் சத்தத்தையும் சமமாக்கினார். ஒரு டெசிபெல் கூடினால்கூடக் கூடியதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். தவில், ஹார்மோனியத்தோடு கலந்து, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார். பெரியவர் முதலில் ஒன்றைச் சொன்னார், அடுத்த முறை மற்றதைச் சொன்னார், மூன்றாவது முறை சிரித்துவிட்டார். எனக்கும் பிடிபடவில்லை. ஆட்டோக் குழாயில் இதை யார் பிரித்துக் கேட்கப்போகிறார்?

ஆனால் அக்கா பிரித்துச் சொன்னார், பாடும்போதே. ஒரு டேக்கில் பெட்டியிலிருந்து வரும் குரலைச் சின்ன மிக்ஸர் வழியாக நேரே ஹெட்போனுக்குக் கொடுத்தார் தம்பி. அடுத்த டேக்கில் கம்ப்யூட்டருக்குள் போய் பிளகின் வழியாகத் திரும்பும் குரலைக் கொடுத்தார். "இதுல என் குரலு ஓட்டையா கேக்குது தம்பி," என்று பாதியில் நிறுத்தினார் அக்கா. கணக்கு இதுதான்: கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர் 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லிசெகண்ட், போக வரப் பத்தைத் தாண்டும். பாடுபவருக்குத் தன் குரல் மண்டையோட்டு எலும்பு வழியே உடனே கேட்கிறது. ஹெட்போன் குரல் பிந்தி வந்து அதோடு மோதும்போது சில ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பஃபரைக் குறைத்தால் பழைய கம்ப்யூட்டர் திணறி, டேக்கின் நடுவில் படபடக்கிறது. இன்டர்ஃபேஸுக்குள்ளேயே சில்லு வைத்து இதைத் தீர்க்கும் கருவிகள் உண்டு. அவற்றை வாங்கத் தனிக் காசு வேண்டும்.

பெட்டி வழியாகக் கேட்ட டேக்கில் அக்கா உச்சியில் கத்தவில்லை, தாழ்ந்த இடத்தில் முனகவுமில்லை. ஹெட்போனில் குரல் நிதானமாக நின்றதால் தொண்டையும் நிதானமாக நின்றது. பெட்டி கொடுத்த லாபம் பாடியவரின் தொண்டையில் இருந்தது. கேட்பவர்கள் முன்னால் வைத்து ஒப்பிடும் சோதனைகளில் இது எப்படித் தெரியும்?

பெட்டியின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ரேக்கை ஒரு பிளக்கிலும் கம்ப்யூட்டரை வேறொரு பிளக்கிலும் சொருகியபோது 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பாயின்ட்டுக்குக் கொண்டுவந்து, பேலன்ஸ்டு கேபிள் போட்ட பிறகே நின்றது. மைக்செட் தொழிலில் எர்த் பின்னை வெட்டி உறுமலை நிறுத்தும் வழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள், மைக்கைப் பிடிப்பவர் கையில் கரண்டு பாயும்.

சுருதி விலகிய ஓரிரு இடங்களை ஆட்டோ-டியூனில் சரிசெய்தார் தம்பி. 1997இல் அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெப்ராண்ட், பூமிக்குள் அதிர்வலை அனுப்பித் திரும்பி வருவதைக் கணக்கிட்டு எண்ணெய் தேடிய ஆள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் தென்பட்ட கருப்பு மண்ணை, அதாவது நிலக்கரியை, துரத்தி எழுந்த ஊரில் இதைச் சொன்னபோது பெரியவருக்கு ஒரே சந்தோஷம். இந்த வேலைக்குப் பெட்டி தேவையே இல்லை, மென்பொருள்தான் சரி.

ஆகவே வீட்டில் ஸ்டுடியோ போடுகிறவர்களுக்கு: ஒரு பெட்டிக்குத்தான் காசு இருக்கிறதென்றால், மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நிற்கும் கம்ப்ரசரை வாங்குங்கள். எக்கோ, ஈக்வலைசர், லிமிட்டர் எல்லாம் பிளகினாகவே இருக்கட்டும். செகண்ட்ஹேண்டில் வாங்கினால் கடையிலேயே கரண்டு கொடுத்து ஒவ்வொரு திருகையும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கரகரத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஊசி அசையாவிட்டால் வாங்காதீர்கள்.