தகடும் பட்டியும்

அமெரிக்காவில் 1960களில் நடுத்தர அளவுள்ள உடலுக்குள் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி விற்ற கார்களே 'மசில் கார்' எனப் பெயர் பெற்றன. 1964ஆம் ஆண்டின் போன்டியாக் ஜிடிஓ அவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் அப்பெயரைக் கார் விரும்பிகள் சூட்டியது, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரித்த கான்டெஸாவுக்கு. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டரை அடியொற்றிய அக்காரில் தொடக்கத்தில் இருந்தது அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினே என்பதால், பெயருக்குக் காரணம் வேகமன்று. நீண்ட பானட்டும் இணையிணையாக அமைந்த நான்கு வட்ட விளக்குகளுமே.

சிமென்ட் லாரிகளின் கேபினையும் டிராக்டர்களின் மட்கார்டையும் சீர்செய்வதே அன்றாடப் பிழைப்பாக உள்ள ஜெயங்கொண்டத்துப் பட்டறையொன்றில், அத்தகைய கான்டெஸா ஒன்று முந்திரித் தோப்புக் கொட்டகையில் பல மழைக்காலங்களைக் கழித்தபின் வந்து நிற்கிறது. அதற்குத் தனிச் சேஸிஸ் இல்லை. தரைத்தகடும் கதவடிச் சட்டமும் கூரைத்தூண்களும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு அவையே பாரம் தாங்கும் இவ்வமைப்பு 'மோனோகாக்' எனப்படுகிறது. ஆகவே கதவடிச் சட்டத்தில் ஏறிய துரு வெறும் அழகுக்குறையன்று, எலும்புருக்கி நோயாகும். கண்ணாடி ரப்பர் வழியே கசிந்த நீர் மிதியடியின்கீழ்த் தேங்குவதும், சட்டத்தின் வடிகால் துளைகளை மண் அடைத்துக்கொள்வதும் அந்நோயின் வழக்கமான தொடக்கம்.

அறுபதைக் கடந்த டிங்கர், அதாவது தகட்டு வேலைக்காரர், பெயின்டைப் பார்ப்பதில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றிச் சட்டத்தின்மேல் இழுத்துச் செல்கிறார். இரும்பு உள்ள இடத்தில் அது பற்றி நிற்கிறது, பின்சக்கரத்தின் முன்னே பிடிவிட்டு நழுவுகிறது. "இது தகடு இல்லைங்க, முழுக்கப் பட்டி" என்று அவர் அவ்விடத்தைச் சாக்பீஸால் வளைக்கிறார். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பசை. அது பாரம் தாங்காது. பின்னர் ஜாக்கியால் காரைத் தூக்கிக் கதவைத் திறக்கச் சொல்கிறார். கதவு இறுகினால் உடல் வளைகிறது என்று பொருள்.

அழுகிய பகுதியை வெட்டிப் புதுத்தகட்டைப் பற்றவைத்தபின் வருவது சுத்தியும் டாலியும். டாலி என்பது உள்ளங்கையில் அடங்கும் இரும்புக்கட்டி. அதைத் தகட்டின் மறுபுறம் அணைத்துப் பிடித்து மேற்புறம் மெல்லத் தட்டுகையில், மேடு எங்கே அடங்கிற்று என்பதைக் கண்ணுக்குமுன் இடக்கை அறிகிறது. அதிகம் தட்டினால் தகடு நீண்டு உப்பிவிடும் என்பதால், அடிப்பதைவிட நிறுத்துவதே இத்தொழிலின் நுட்பம்.

இவ்வறிவுக்குக் கூலி உண்டா என்பதே கேள்வி. காரைக் கைமாற்றும் புரோக்கர், டிங்கரை அழைத்துவந்து காட்டித் துருவின் அளவை அறிந்துகொண்டு, உரிமையாளரிடம் விலையைக் குறைத்தும் நகரத்து வாங்குபவரிடம் உயர்த்தியும் பேசுகிறார். சோதித்தவருக்குக் கிடைப்பது ஒரு தேநீர். மருத்துவரின் சோதனைக்கும் நில அளவையாளரின் அளவைக்கும் கட்டணம் தரும் சமூகம், காந்தம் பிடித்த கைக்குத் தராதிருப்பது அநீதி. 2021ஆம் ஆண்டின் மத்திய விதி ஐம்பதாண்டு கடந்து மூலவடிவம் மாறாத வாகனத்தையே 'விண்டேஜ்' என ஏற்பதால், முதல் கான்டெஸாவுக்கும் அத்தகுதி 2034இல்தான் வாய்க்கும். அதுவரை அக்கார்கள் நிலைப்பது, இக்கைகள் பட்டறையில் நிலைப்பதைப் பொறுத்தே அமையும்.