சாய்ந்து கொள்ள ஓர் இடம்

கட்டில் என்றால் நான்கு கால்களும் நீட்டிப் படுக்க ஓர் இடமும் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. எங்கள் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பனைநார் பின்னிய கட்டில் பல வீடுகளில் இருந்தது. அதற்குத் தனியாகத் தலைமாடு கிடையாது. படுப்பவர் தலை வைத்த பக்கமே தலைமாடு. இன்றோ கட்டில் வாங்கச் செல்கிறவர்கள் முதலில் பார்ப்பதே தலைமாட்டுப் பலகையைத்தான். மெத்தை வைத்து, வெல்வெட்டுத் துணி போர்த்தி, இடையிடையே பொத்தான் பதித்து உயர்ந்து நிற்கும் தலைமாடுகள் கடைகளை நிறைத்துள்ளன.

கீழக்கரை இவ்வகை வேலைக்குக் குறைவில்லாத ஊர். பெண்ணுக்கு வீடு கொடுத்துத் திருமணம் முடிக்கும் வழக்கம் இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் உண்டு. புது வீடு என்றால் மணமக்களுக்கு அறை; அறை என்றால் அலங்காரக் கட்டில். ஆகவே மெத்தை வேலை செய்வோர்க்கு ஆண்டு முழுவதும் கை ஓயாது. எங்கள் மூத்த மகனின் திருமணம் உறுதியானபோது, நாங்களும் அப்படியொரு கட்டிலுக்கென்று சிறிது பணம் ஒதுக்கி வைத்தோம்.

அதே மாதங்களில் என் மாமியாரின் மூச்சிரைப்பு முற்றியது. இரவில் மல்லாந்து படுக்க இயலாமல், கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, சுவரில் சாய்ந்தே விடியும்வரை அமர்ந்திருப்பார். எங்கள் வீட்டுச் சுவரோ கடற்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முன்னோர் எழுப்பியது. பவளப்பாறைகளுக்கு 2001-இல் சட்டப் பாதுகாப்பு வந்தபின் அக்கல்லை எடுப்பது குற்றம். ஆனால் பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. உப்பு ஏறிய சுவர் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கை வைத்தால் நனையும். அந்த ஈரத்தில் முதுகு சாய்த்துத்தான் அவர் மூச்சு வாங்கினார். தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம். நள்ளிரவில் அவை சரிந்துவிடும். அல்லது கழுத்தை மட்டும் முன்னே தள்ளி மூச்சை இன்னும் இறுக்கும்.

மருத்துவர் சோதித்துவிட்டு, இது நுரையீரல் தொல்லை என்றார். மருந்து தந்து, தலையை மட்டுமல்ல, இடுப்பிலிருந்து முதுகு முழுவதையும் 30 முதல் 45 பாகை வரை உயர்த்திப் படுக்க வைக்கச் சொன்னார். ஒன்றை இங்கே வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இதுவரை நன்றாகப் படுத்துறங்கிய ஒருவர் திடீரென மட்டமாகப் படுக்க முடியவில்லை என்றால், அது இதயம் தளர்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம். தச்சரை அழைக்கும்முன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இரண்டு செலவுக்குப் பணம் இல்லை. "பெண் வீட்டார் வந்து பார்க்கும்போது வெறும் கட்டிலா இருப்பது?" என்று என் கணவர் தயங்கினார். தயக்கத்தை முடித்தவன் மகன்தான். "அப்பா, எங்களுக்குப் படுத்தவுடன் தூக்கம் வரும். அப்பத்தாவுக்கு முதலில் செய்யுங்கள்" என்றான். அவ்வளவே பேச்சு.

மெத்தை வேலை செய்யும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவரை ஊரே காக்கா என்றுதான் அழைக்கும். நான் கட்டிலின் அகலத்தைச் சொல்லத் தொடங்கியதும் அவர் நிறுத்தினார். "தங்கச்சி, கட்டிலை நான் அளந்துகொள்கிறேன். நீ அம்மாவை உட்கார வைத்து அளந்து சொல்" என்றார். மெத்தையின் மேலிருந்து உச்சந்தலைவரை 2 அடி 5 அங்குலம் வந்தது. ஆகவே பலகை மெத்தைக்கு மேல் இரண்டரை அடி உயரம். செங்குத்தாக நில்லாமல், அவ்வுயரத்திற்குள் 8 அங்குலம் பின்னோக்கிச் சாய்வு. இது உட்கார்ந்து மூச்சு வாங்க. பாதி சாய்ந்து உறங்குவதற்கு, அதன்முன் வைக்க ஆப்பு வடிவில் ஒரு தனித் திண்டு. உடல் கீழே வழுக்காதிருக்க முழங்காலுக்கு அடியில் ஒரு சிறு தலையணை.

அடுத்து, எதைக் கொண்டு நிரப்புவது? கடைகளில் விற்பவை பெரும்பாலும் நுரைப்பஞ்சு. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்பவர் கண்டறிந்த பாலியூரித்தேன் என்னும் பொருளிலிருந்து பிறந்தது அது. மென்மையானதுதான், ஆனால் உடற்சூட்டைப் பிடித்து வைக்கும், ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளித்துப் பொடியாகும். ரெக்சின் போர்த்தினால் துடைப்பது எளிது. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டும். வெல்வெட்டோ தூசியைச் சேர்க்கும். மூச்சுத் தொல்லைக்குத் தூசியே பகை. கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் ஈரக்காற்றில், நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று மெத்தைகளில் பெருகுகின்றன. ஆணியடித்து மூடிய தலைமாட்டை எவரால் துவைக்க முடியும்?

எனவே இலவம் பஞ்சைத் தேர்ந்தோம். போடிநாயக்கனூர்ப் பக்கம் பேர்பெற்ற பஞ்சு அது. அதன் இழை உள்ளே குழாய்போல் வெற்றிடமாகவும், மேலே மெழுகுப் பூச்சோடும் இருப்பதால் நீரை எளிதில் ஏற்காது. முன்னாளில் கப்பல்களில் உயிர்காப்பு மேலாடைகளை நிரப்பியதும் அப்பஞ்சுதான். ஆனால் அதன் தூசும் மூக்கில் ஏறும். ஆகையால் விதையும் தூசும் நீங்கப் பஞ்சை வீட்டுக்கு வெளியே அடித்துத் தூற்றி, நெருக்கமாக நெய்த துணியில் உறை தைத்தார். "மெத்தை படுத்துக் கிடக்கும், தலைமாடு நிற்கும். நிற்பதில் பஞ்சு கீழே இறங்கிவிடும்" என்று சொல்லி, குறுக்குவாட்டில் 6 அங்குலத்திற்கு ஒரு தையலாக ஐந்து அறைகள் பிரித்தார். அறைக்கு அறை பஞ்சு அதனதன் இடத்தில் நின்றது.

சட்டம் வேப்பமரம். அதன்மேல் ஒட்டுப்பலகை வைப்பதா என்று பேசிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் அமர்ந்திருந்த அத்தை மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "இந்தக் கட்டிலைப் பின்னியதுபோல் நாரையே பின்னுங்களேன், காற்றாவது வரும்" என்றார். காக்கா சிறிது நேரம் சட்டத்தைப் பார்த்தார், பிறகு, "இத்தனை வருடத் தொழிலில் எனக்குத் தோன்றவில்லையே, அம்மா!" என்றார். பனைநார் குறுக்கும் நெடுக்கும் பின்னப்பட்டது. அதன்மேல் பஞ்சுத் திண்டு நாடாக்களால் கட்டப்பட்டது. இரும்பாணி ஒன்றுகூட இல்லை. உப்புக் காற்றில் அது துருவேறித் துணியைக் கறையாக்கும். திருகுகள் எல்லாம் பித்தளை. திண்டுக்கு மேலுறையாகச் சென்னிமலை விரிப்புத் துணியில் இரண்டு தைத்தோம். ஒன்று கொடியில், ஒன்று கட்டிலில். வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைத்து, திண்டை வெயிலில் போடுவோம். கட்டிலைச் சுவரிலிருந்து அரை முழம் தள்ளிப் போட்டோம். பக்கச் சட்டத்தில் செபமாலை மாட்ட ஒரு கொக்கி. அத்தை கேட்ட ஒரே அலங்காரம் அதுதான்.

புயலடித்த கடலில் ஆண்டவர் படகில் உறங்கியதை மூன்று நற்செய்தியாளர்கள் கூறுகின்றனர். அவர் தலைக்கு ஒரு தலையணை இருந்ததைக் குறித்து வைத்தவர் மாற்கு ஒருவரே. களைத்த ஒருவர் தலைக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்ப்பதற்கும் ஒரு கண் வேண்டும்.

மகனின் திருமணம் குறித்த நாளில் நடந்தது. மணமக்கள் அறையில் மெத்தையில்லாத மரத் தலைமாடு கொண்ட எளிய கட்டில். பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் வந்த இரண்டாம் வாரமே, உறை துவைக்கும் வேலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மழைக்காலங்கள் அத்தை அதில் சாய்ந்திருந்தார். நோய் நீங்கவில்லை, தலைமாடு மருந்தாகாது. ஆயினும் சரிந்து விழுவோமோ என்ற அச்சமின்றி இரவில் கண் மூடினார். அவர் இறைவனடி சேர்ந்தபின் அப்பலகை எங்கள் வீட்டில் நெடுநாள் தங்கவில்லை. இரண்டு திருகுகளைக் கழற்றினால் எந்தக் கட்டிலிலும் பொருத்தலாம் என்பதால், இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒரு தாயின் வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து வேறொரு வீட்டுக்கு. ஒவ்வொரு முறையும் மேலுறை மட்டும் புதிதாகிறது.

உங்கள் வீட்டில் கட்டில் செய்யும் நாள் வரும்போது, கடைக்குச் செல்லுமுன் ஒருமுறை வீட்டுக்குள் பாருங்கள். சுவரில் சாய்ந்து அமர்ந்திருப்பவர் யாரேனும் இருந்தால், அளவை அங்கிருந்து தொடங்குங்கள்.