ஒரு ஹஸ்ஸானின் குடும்பக் கடிதங்கள்

யூதர்களின் வணக்கத்தலத்தில் முன்னால் நின்று வணக்கத்தை நடத்தி, பிரார்த்தனைகளை இராகத்தோடு ஓதுகிறவரை ஹஸ்ஸான் என்பார்கள். நம்மூரில் பேஷ் இமாமுக்கு இருக்கும் இடம் என்றால் ஓரளவு விளங்கும். மார்க்க அறிவும் வேண்டும், குரலும் வேண்டும். சிரியாவின் அலெப்போவில் வாழ்ந்த யூதர்களின் ஹஸ்ஸான்கள் அரபு மகாம்களிலேயே ஓதினார்கள். நம்முடைய காரிகள் கிராஅத்தில் எடுக்கும் அதே ராஸ்த், அதே பயாத், அதே ஸபா.

ஜேர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் அப்படி ஹஸ்ஸானாக இருந்தவர் அல்பர்ட் வைல். 1893இல் அவருடைய வணக்கப் பாடல்களின் தொகுப்பு ஒன்று அச்சில் வந்தது. 'கோல் அவ்ராஹாம்' என்று பெயர். இப்ராஹீமின் குரல் என்று பொருள். அவருக்கும் மனைவி எம்மாவுக்கும் நான்கு பிள்ளைகள்: நாதான், ஹான்ஸ், கேர்ட், ரூத். 1900இல் பிறந்த மூன்றாவது மகன் கேர்ட் வைல்தான் பிறகு உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர். 1928இல் பேர்லினில் மேடையேறிய 'மூன்று பென்னி ஒபெரா'வின் இசை அவருடையது. பிரெக்டின் நாடகங்களைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் இங்கே சொல்ல வந்தது அவருடைய இசையைப் பற்றியல்ல. அந்தக் குடும்பத்தின் கடிதங்களைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம். நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் கேர்ட் பாரிஸுக்குப் போனார். 1935இல் அங்கிருந்து நியூயோர்க்குக்கு. அண்ணன் ஹான்ஸும் பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வாப்பா, உம்மா, மூத்தவர் நாதான், தங்கை ரூத் ஆகியோர் பலஸ்தீனத்துக்கு. 1908இல் திறக்கப்பட்ட டெஸ்ஸாவ் வணக்கத்தலம் 1938 நவம்பரில் எரிக்கப்பட்டது. ஒரே மேசையில் சாப்பிட்ட ஆறு பேர் ஒரு சில வருடங்களில் இரண்டு கண்டங்களில் குடியேறிகளாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குக் குடும்பம் என்றால் தபால்தான்.

கேர்ட் தன் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்கள் 2000ஆம் ஆண்டு ஜேர்மன் மொழியில் ஒரு நூலாக வந்தன. 1914 முதல் அவர் இறந்த 1950 வரை. பதினான்கு வயதுப் பையனில் தொடங்கி ஐம்பது வயது மனிதரில் முடிகிறது. அவருடைய ஏனைய தாள்கள் யேல் பல்கலைக்கழக இசை நூலகத்திலும், நியூயோர்க்கிலுள்ள வைல்–லென்யா ஆய்வு மையத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. லென்யா அவருடைய மனைவி, பெரிய பாடகி.

கடிதத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எழுதியவர் கையில் அது தங்குவதில்லை, வாங்கியவர் வீட்டில்தான் தங்கும். கேர்டின் இளமைக்காலத்தைப் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் அவருடைய பெற்றோரும் கூடப்பிறந்தவர்களும். நாடு விட்டுப் போகிறவனின் பெட்டியில் இடம் குறைவு. துணி வைப்பதா, பாத்திரம் வைப்பதா, விற்றால் காசாகிற ஏதாவது வைப்பதா என்ற நேரத்தில் பழைய கடிதக் கட்டுக்கும் யாரோ இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்தப் பழைய கடிதங்கள் இன்று இல்லை.

காகிதத்தை மதிக்கும் பழக்கம் அவர்களிடம் பழையது. இறைவனின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் குப்பையில் போடமாட்டார்கள். கெனீஸா என்ற அறையில் சேர்த்து வைத்து, பிறகு மண்ணில் அடக்குவார்கள். கிழிந்த குர்ஆன் தாளை நம் உம்மாமார் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கெய்ரோவின் பழைய யூத வணக்கத்தலத்தில் இப்படிச் சேர்ந்த தாள்களில் வியாபாரக் கடிதங்களும் கிடைத்தன. ஏறத்தாழ 900 வருடங்களுக்கு முன் இந்து சமுத்திரத்தில் முஸ்லிம் வணிகரும் யூத வணிகரும் கூட்டாகச் சரக்கு அனுப்பிய விபரமெல்லாம் அந்தத் தாள்களால்தான் நமக்குத் தெரியும்.

வைல் குடும்பத்துக்கு வருவோம். வாலிபத்தில் வணக்கத்தலத்தை விட்டுத் தூரமாகிப் போன கேர்ட், 1946இல் நியூயோர்க்கின் பார்க் அவென்யூ வணக்கத்தலத்துக்காக ஒரு 'கித்தூஷ்' அமைத்தார். வெள்ளி இரவில் சப்பாத் நாளை வரவேற்று ஓதுவது அது. அதைத் தன் வாப்பாவுக்குச் சமர்ப்பணம் செய்தார். அடுத்த வருடம் அண்ணன் ஹான்ஸ் இறந்துபோனார். அதே 1947இல் கேர்ட் பலஸ்தீனம் போய், பல வருடங்களுக்குப் பிறகு பெற்றோரின் முகத்தைப் பார்த்தார். 1950 ஏப்ரலில் கேர்டும் இறந்தார். தாயும் தகப்பனும் அப்போது உயிரோடிருந்தார்கள். இரண்டு மகன்மாரின் மௌத்துச் செய்தியும் கடல் தாண்டித்தான் அவர்களுக்கு வந்தது.

"காஸா பற்றி எரிகிறபோது உங்களுக்கு யூதனின் கடிதம் எதற்கு, சேர்?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறேன்.

முதிய பெற்றோர் குடியிருந்த ஊர் நஹாரியா. ஜேர்மனியிலிருந்து தப்பிவந்த யூதர்கள் 1930களில் கடற்கரையில் அமைத்த ஊர். அதற்கு வடக்கே சுமார் ஐந்து கிலோமீற்றரில் அஸ்ஸீப் என்றொரு முஸ்லிம் கிராமம் இருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். மீன்பிடியும் தோட்டமும். 1948 மே நடுப்பகுதியில் யூதப் படை அந்தக் கிராமத்தைப் பிடித்தது. மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. பள்ளிவாசலும் ஓரிரு கட்டடங்களும்தான் மிஞ்சின. இன்று அந்த இடம் கடற்கரைப் பூங்கா. கேர்ட் பெற்றோரைப் பார்க்கப் போனபோது அஸ்ஸீபில் பாங்கு சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு வருடத்தில் அது நின்றுபோனது.

டெஸ்ஸாவிலிருந்து விரட்டப்பட்ட ஹஸ்ஸானின் துயரம் பொய்யில்லை. அஸ்ஸீபிலிருந்து விரட்டப்பட்ட மீனவரின் துயரமும் பொய்யில்லை. ஒன்றை மறுத்தால்தான் மற்றதைச் சொல்லலாம் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹஸ்ஸானின் குடும்பத் தாள்களுக்கு அமிலமற்ற கோப்புறையும் பெட்டி இலக்கமும் பட்டியலும் கிடைத்தன. டெஸ்ஸாவில் புதிய வணக்கத்தலம் எழுப்பி, வைல் என்ற பெயரையே அதற்கு வைத்து, 2023 ஒக்டோபரில் திறந்தார்கள். அது நல்ல காரியம். அதே மாதம் காஸாவில் வீடுகள் குடும்பங்களோடு இடிந்துகொண்டிருந்தன. அந்தப் போரில் காஸா மாநகரத்தின் மத்திய ஆவணக் காப்பகமும் அழிந்தது.

பிர்செய்த்திலுள்ள பலஸ்தீன அருங்காட்சியகம் இப்போது வீடு வீடாகத் தாள் தேடுகிறது. காணி உறுதி, அடையாள அட்டை, கடிதம், கல்யாண ஃபோட்டோ, எல்லாவற்றையும் படமெடுத்து இணையத்தில் சேர்க்கிறார்கள். மூலத்தாளைக் குடும்பம் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். வைல் குடும்பத்தின் கடிதங்கள் எனக்கு ஒரு விடயத்தைச் சொல்லித் தந்தன: சாதாரண வீட்டுத் தாள் எவ்வளவு பெரிய சாட்சி என்பதை. அந்தச் சாட்சி பலஸ்தீனத்து மீனவருக்கும் வேண்டும்.

நமக்கும் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களில் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். பாடசாலை அனுமதிக்கு வரும் குடும்பங்களிடம் 'பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கா, பழைய பதிவு இருக்கா' என்று கேட்கும்போது அந்த இரண்டு மணித்தியாலம் இன்னும் முடியவில்லை என்று எனக்குத் தோன்றும். காணி உறுதி இல்லாதவருக்குத் தன் வளவு எதுவென்று தெரியும், நிரூபிக்கத்தான் வழியில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் உம்மம்மாவின் றங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். சவூதியிலிருந்து வாப்பா எழுதிய கடிதம், பழைய நிக்காஹ் பதிவு, மத்ரஸா சான்றிதழ், எதையும் வீசவேண்டாம். ஃபோட்டோவின் பின்புறம் பேரையும் வருடத்தையும் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஊறிவிடும். மூலப் பத்திரங்களை லெமினேட் பண்ணாதீர்கள். சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து காலப்போக்கில் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஃபோனில் தெளிவாகப் படமெடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

அடுத்த தவணை தரம் 10 பிள்ளைகளுக்கு இதைத்தான் வரலாற்றுச் செயற்பாடாகக் கொடுக்கப்போகிறேன்: உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய தாள் எது, அதை யார், எங்கிருந்து, எப்படிக் கொண்டுவந்தார்? மூலத்தைக் கொண்டுவர வேண்டாம், படம் போதும். பெற்றோர்கள் உதவி செய்யுங்கள்.